கீழ வராது

கோரிப்பாளையத்தில் புரோட்டாக் கடைக்கு மேல்
எட்டுக்குப் பத்து அறை, இரண்டு திரை, ஒரு மின்விசிறி.
கல்யாணம் வெட்டுவேன், காதுகுத்து ஒட்டுவேன்.
வருஷத் திதி என்றால்
போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டு
அடியில் அழுகை போடுவேன்.
அழுகைக்குத் தனி ஃபோல்டர் உண்டு.
அம்மா அழுகை, விபத்து அழுகை,
துபாயிலிருந்து வர முடியாமல் போனவன் அழுகை.
எல்லாம் ஏதோ படத்தில்
யாரோ செத்தபோது வாசித்தவை.
பாட்டுக்கென்றால் முதல் வரியே பேராகிவிடும்.
இதற்குப் பேர் கிடையாது.
வசனத்துக்கு அடியில் பிறந்து
வசனத்துக்கு அடியிலேயே கிடக்கும்.

மொக்கைச்சாமி ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு மாடியேறி வந்தார்.
கையில் மஞ்சள் கவர்.
உள்ளே தம்பி சின்னமாயன், பதினொரு போட்டோவாக.
"மியூசிக் மட்டும் நான் சொல்றதுதான்.
ஒருத்தன் பஸ்ஸ விட்டு எறங்குவான்.
ஊரே மாறிக் கெடக்கும். அப்ப வரும்."
என்ன படம்?
"அது தெரிஞ்சா ஒங்ககிட்ட எதுக்கு வாரேன்?"
வாயால் போட்டுக் காட்டச் சொன்னேன்.
வெட்கப்பட்டார். கதவைச் சாத்தினார்.
ஒற்றை விரலை மேஜையிலிருந்து மெல்லத் தூக்கி
தலைக்கு மேலே நிறுத்தினார்.
"இப்படி மேல போகும். போய்க்கிட்டே இருக்கும்.
கீழ வராது."

ஒன்பது ராத்திரி.
கீழே கல்லில் கொத்து விழுந்துகொண்டிருக்க
எத்தனை பேர் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள்!
மழையில் ஒருவன், விலங்கோடு ஒருவன்,
பச்சை டிரங்குப் பெட்டியோடு ராணுவத்தான்,
கைக்குழந்தையோடு ஒருத்தி.
ஒவ்வொரு வயலினும் மேலே போனது.
ஒவ்வொன்றும் ஒழுங்காகக் கீழே வந்தது.
இரண்டாம் ராத்திரி செல்லோ ஒன்று
என்னை நாற்காலியிலிருந்து எழவிடவில்லை.
யாருக்காக என்றே தெரியாமல் மூக்கைச் சிந்தினேன்.
குறித்துவைக்க மறந்துபோனேன்.
இன்றுவரை அது கிடைக்கவில்லை.

பத்தாம் நாள்
இரண்டு வாரம்கூட ஓடாத படம் ஒன்று,
டிவியில் போட்டதை யாரோ பதிந்தது.
பஸ். புழுதி.
செருப்பில்லாத கால் படியிறங்கியது.
முப்பத்தெட்டு வினாடி யாரும் பேசவில்லை.
தனி வயலின், அதன் முதுகில் இன்னொன்று,
பிறகு நெஞ்செலும்பு அதிர ஒரு கூட்டம்.
உச்சியில் கொஞ்சம் தயங்கி
புல்லாங்குழலின் கையைப் பிடித்துக்கொண்டு
இறங்கி வந்தது.

கேட்டார். தலையாட்டினார்.
"சீன் இதுதான். பஸ்ஸு இதுதான். மியூசிக் இது இல்ல."
திரும்பப் போட்டேன்.
அவர் அறியாமலே விரல் எழுந்தது.
இருபத்திரண்டாம் வினாடியில் நின்றது.
புல்லாங்குழல் இறங்கிப் போனது,
விரல் இறங்கவில்லை.
அந்த இடத்திலேயே வெட்டினேன்.
மின்விசிறிச் சத்தம்.
"இதான்" என்றார்.

"செக்கானூரணிக் கொட்டகை. நானும் அவனும்.
இந்த எடத்துலதான் கரண்டு போச்சு.
செனரேட்டர் போட்டு வந்தா அடுத்த ரீலு ஓடுது.
இருட்டுக்குள்ள ஒரே விசிலு.
அவன் மட்டும் அடிக்கல.
'அண்ணே, அவன் வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பானா'ன்னான்.
சும்மா இருடான்னுட்டேன்."

தத்தனேரிப் பக்கம் ஒரு சந்தில்
சாமியானா போட்டு ஓட்டினார்கள்.
பதினோராவது போட்டோவில்
இசை உச்சியில் அறுந்தது.
யாரோ எழுந்துபோய் ஸ்பீக்கரைத் தட்டினார்களாம்.
மொக்கைச்சாமி கையைப் பிடித்துத் தடுத்தாராம்.

மிச்சப் பதினாறு வினாடி என்னிடம் இருக்கிறது.
அந்த இறக்கம் மட்டும்.
சேமிக்கும்போது பேர் கேட்டது.
கீழே கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
'புதியது 1' என்றே விட்டுவிட்டேன்.