ஒரு வீட்டுக்குள் மூன்று வீடு

மீட்டர் பெட்டியில் தொடங்கிக்
கொல்லையில் முடிவதற்குள்
நம்புக்கனி வீடு மூன்று வீடாகிவிடுகிறது.

முன்னறை சிமெண்டு.
போன வருசக் கணவாய்ப் பாட்டில் வந்த பணம்
மொட்டைமாடியில் கம்பியை நீட்டிக்கொண்டு
அடுத்த வருசத்துக்குக் காத்திருக்கிறது.
நடுவீடு ஓடு, பனங்கை,
சுவர் அந்தக் காலத்துப் பவளக்கல்.
அடுப்படி ஓலை.
அதன் வாசலில் நின்று சொன்னாள்:
"ஒரே கம்பியா இழுத்து விட்ருங்க."
கையில் சிவப்புச் சுருள்,
தொண்ணூறு மீட்டர், பில்லோடு.

சுருளை வாங்கி நாற்காலியில் வைத்தேன்.
எந்தச் சுவரில் போகிறோம் என்று
கம்பிக்குத் தெரியாது.
சுவருக்குத் தெரியும்.

சிமெண்டில் வேலையே இல்லை.
தளம் போடும் முன்பே ரெக்சன் வந்து
குழாய் பதித்துப் போயிருந்தான்.
ஸ்பிரிங்கை விட்டு இழுத்தால்
இரண்டு கம்பி, கூட ஒரு பச்சை,
வழுக்கிக்கொண்டு வருகிறது.
உள்ளே என்ன கருகினாலும்
கான்கிரீட் வாயைத் திறக்காது.

நடுவீட்டில் உளி வைத்தேன்.
ஒரே தட்டு.
வெள்ளைப் பொடி கொட்டியது,
கூடவே ஒரு சிப்பித் துண்டு.
கடலை விட்டு வந்து எத்தனை தலைமுறையோ,
ஐப்பசியில் இன்னும் வேர்க்கிற கல்.
இதற்குள் புதைத்தால்
மூட்டுக்கு மூட்டு தாமிரம் பச்சை பூக்கும்.
உளியைப் பையில் போட்டேன்.
இங்கே குழாய் வெளியில்தான்,
சுவரை விட்டு விரற்கடை தள்ளி,
பித்தளைத் திருகில்.
தலைக்கு மேல் எரிகிற பனங்கை,
அதனால் கம்பி சுலபத்தில் எரியாத ரகம்,
மீட்டருக்கு எட்டு ரூபாய் கூட.

"அப்ப இந்தச் சுருள்?"
"முன்னறைக்கு. மிச்சத்தைக் கடைக்காரன் எடுத்துக்குவான்."
"எடுக்க மாட்டான்" என்றாள்.
அவளுக்கு அவனைத் தெரியும்.

ஓலைக்கு வந்தோம்.
புத்தகம் இரும்புக் குழாய் என்கிறது.
எலி கடிக்கக் கூடாது, பொறி தெறிக்கக் கூடாது,
கூரையில் எங்கும் உரசக் கூடாது.
சரிதான்.
எழுதியவர் கச்சான் காற்றில்
ஒரு ராத்திரி சைக்கிளை
வெளியே விட்டுப் பார்த்ததில்லை.
சேராங்கோட்டையில் ஆனியில் மாட்டிய இரும்பு
மாசியில் பிஸ்கட்டு.

எர்த் குழிக்கு மற்ற ஊரில்
கரியும் உப்பும் மூட்டையாய்ச் சுமப்போம்.
இங்கே உப்பு வாங்கச் சொன்னால்
ரெக்சன் சிரிப்பான்.
தரையில் கை கொடுக்கிற அதே உப்பு
கூரையில் கழுத்தைப் பிடிக்கிறது.

கவசக் கேபிள் போடலாம்.
அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால்
அடுப்படியையே செங்கல்லில் எழுப்பலாம்.
"பக்கத்து வீட்ல சும்மா ஓலைல
சொருகித்தானே விட்ருக்காங்க?"
பதில் சொல்லவில்லை.
வடக்குக் கரையில் போன கோடையில்
எரிந்த நாலு கூரையில் ஒன்றுக்கு
நான்தான் கம்பி இழுத்தேன்.
அடுப்புப் பொறி என்று எழுதிப் போனார்கள்.
நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கொல்லையில் துணிக்கொடிக்கு நட்ட
சிமெண்டுக் கம்பம் ஒன்று நின்றது.
கூரையிலிருந்து நாலு எட்டு தூரம்.
நடுவீட்டுச் சுவரிலிருந்து
மண்ணுக்கடியில் குழாய் தோண்டிப் போய்
அதன் உச்சியில் விளக்கு மாட்டி
முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பினேன்.
ராத்திரி அவள் தட்டியைத் தூக்கிக் கட்டினாள்.
கம்பி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டது.
வெளிச்சம் மட்டும் உள்ளே போய்ச்
சட்டியில் கிடந்த நகரையின் செதிலைத் தொட்டது.

"மிக்ஸி?"
"நடுவீட்ல வச்சு அரைங்க."
"மழையிலயுமா?"
அதற்கு என்னிடம் எந்த ரகமும் இல்லை.

வாரம் கழித்து மிச்சக் கூலிக்குப் போனேன்.
கடைக்காரன் திருப்பி எடுக்காத
ஐம்பத்திரண்டு மீட்டர் சிவப்பு
அந்தக் கம்பத்திலிருந்து முருங்கைக்கு இழுத்துக் கட்டியிருந்தது.
அதில் அவள் புருசனின் வலை காய்ந்தது.
எதிலும் சேராத கம்பி, தெரியும்.
இருந்தாலும்
பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்து
ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.