போட்டதற்கு மேல்

ஆபீசர்ஸ் லைனில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில்
என் ஆடிட்டர் அலுவலகம்.
மின்விசிறி சுற்றினால் ரசீதுகள் பறக்கும்,
நிறுத்தினால் நாங்கள் வெந்துபோவோம்.
சித்திரையில் வேலூர்க் கணக்கு அவ்வளவுதான்.

முத்திரைத் தாளோடு இருவர் வந்தார்கள்.
மேல்விஷாரம் நிஸ்தார்: முப்பது தையல் மிஷின்,
ஷூவின் மேல்பாகம் தைத்து
ராணிப்பேட்டைக்கு அனுப்புகிறவர்.
காட்பாடி தனகோட்டி: மின்வாரியத்தில் ஓய்வு,
கையில் பன்னிரண்டு லட்சம், காலில் சர்க்கரைப் புண்.

"நான் தூங்குற பார்ட்னர்மா," என்றார்.
"போட்டது போனா போவுது. வீடு போவக் கூடாது."
ஏழாவது ஷரத்தில் அதையே எழுதியிருந்தார்கள்,
அழகான தட்டச்சில்.

சொன்னேன்:
இந்த வரி உங்கள் இருவருக்குள் செல்லும்.
தோல் மண்டிக்காரர் இதைப் படித்ததில்லை.
கடனைக் கேட்டு வருகிறவர்
ஏழாவது ஷரத்தைத் தட்டமாட்டார்,
காட்பாடியில் உங்கள் கதவைத் தட்டுவார்.
முப்பத்திரண்டாம் வருஷத்துச் சட்டத்துக்குத்
தூங்குகிறவரும் விழித்திருப்பவரும் ஒன்றுதான்.

வேறு தேசங்களில் ஒரு வகை உண்டு.
ஒருவர் மழையில் நிற்பார், முழுசாக நனைவார்.
மற்றவருக்குக் குடை: போட்டதோடு சரி.
பதிலுக்கு அவர் வாய் திறக்கக் கூடாது.
எந்தத் தோல் வாங்குவது, யாரை வேலைக்கு வைப்பது என்று
அதிகாரம் பண்ண ஆரம்பித்தால்
சில இடங்களில் குடை பறந்துவிடும்.

"அது போதும்மா," என்றார் தனகோட்டி.
"வூட்டுலயே எனக்கு அதான் நெலமை."

நிஸ்தார் சிரிக்கவில்லை.
"எனக்கும் ஒரு வீடு இருக்கு மேடம்.
போன வருஷம் கட்டினது. மாடி இன்னும் பூசலை."

நனைகிறவரைப் பற்றி
அதுவரை நானும் யோசித்திருக்கவில்லை.

எல்எல்பி என்று பதிந்தோம்.
நிறுவனம் தனி ஆள், கடன் அதன் கடன்,
இருவர் தலைக்கும் குடை.
மோசடிக்குக் கிடையாது என்பதை
இரண்டு தடவை சொன்னேன், இருவரையும் பார்த்து.

ஆவணியில் வங்கி மேலாளர்
காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு
இன்னொரு படிவத்தை நீட்டினார்.
சொந்த ஜாமீன். இருவரும் கையெழுத்து.
நாலு மாதம் அலைந்து வாங்கிய குடையை
வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

தனகோட்டி கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடியும் துடைத்தார்.
நிஸ்தார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு,
"சாரு வேணாம். நான் மட்டும் போடறேன்.
கடன் தொகையக் கொறைச்சுக்கங்க."
மேலாளர் கால்குலேட்டரைத் தேடினார்.

நான் காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.
இந்த ஊர்ச் சட்டத்தில் இல்லாத கூட்டு ஒன்று
எதிரே கையெழுத்தாகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் தனகோட்டி பட்டறைக்குப் போகிறார்.
போன வாரம் ஒரு கட்டுத் தோல்
நிறம் மாறி வந்திருந்ததாம்.
எடுத்துப் பார்த்தாராம்,
ஜன்னல் வெயிலில் திருப்பிப் பார்த்தாராம்,
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு
எல்லாருக்கும் டீ சொல்லப் போனாராம்.