விருப்பத்தெரிவு

கொம்யூனிகேஷன் கடையில் பிரின்ட் ஒன்றுக்கு இருபது ரூபா.
கையேட்டில் மருத்துவப் பக்கங்களை மட்டும் எடுத்தோம்.
இருவருக்கும் ஒரு பிரதி போதும் என்று
நீதான் சொன்னாய்.
அதில் பாதியை
பஸ் நிலையத்து மான் தின்றுவிட்டது.

ருகுணுவும் சபரகமுவாவும் போயிற்று,
நல்லது, தூரத்து இடங்கள் என்றாய்.
சிரித்தோம்.
அந்தப் பின்னேரம் சிரித்தது அவ்வளவுதான்.

எனக்கு மாவட்ட நிலை ஆறு.
உனக்கு இருபத்து மூன்று.
நடுவே பதினாறு பேர்.
இரசாயனவியல் ரியூஷனில்
என் முன்வாங்கில் இருந்த றிஸ்மினாவைத் தெரியும்.
மூதூர்ப் படகில் வந்து போகிற ஒருவனைத் தெரியும்,
பெயர் தெரியாது.
மற்றவர்கள் இலக்கங்கள்.
ஆனாலும் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு மின்விசிறியின் கீழ்
இதே பக்கத்தைப் பறக்காமல் பிடித்திருப்பார்கள்.

உன் அப்பா டிப்போவில் டிரைவர்.
பல்கலைக்கழகங்களை மணித்தியாலத்தில் எண்ணுகிறார்.
அனுராதபுரம் மூன்று.
மட்டக்களப்பு மூன்றரை, வாகரையில் மாடு மறிக்காவிட்டால்.
பேராதனை ஐந்து. யாழ்ப்பாணம் ஆறு.
கொழும்பு, ஓர் இரவு.
"காய்ச்சல் எண்டா எத்தனை மணிக்கு வந்து சேரலாம்,
அதைத்தான் பாக்கோணும்" என்கிறார்.
டொக்டருக்குப் படிக்கப் போகிறவனுக்கு
காய்ச்சல் வரும் என்பதில்
அவருக்குச் சந்தேகமே இல்லை.

என் அம்மாவிடம் ஒரே சொல்: கொழும்பு.
பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் அட்டென்டன்ட்.
எந்த டொக்டர் எங்கே படித்தவர் என்று
நடையிலேயே சொல்வாளாம்.
உன்னைப் பற்றியும் அவளுக்குத் தெரியும்.
தெரியும் என்பதை
உன் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் தெரிவிக்கிறாள்.

நான் முதலாவதாக மட்டக்களப்பு என்று எழுதினேன்.
டைக் வீதிக் கடற்கரையில்
தாளை விரித்துக் காட்டினேன்,
பிறந்தநாள் பரிசைப் போல.

நீ ஒரு தடியெடுத்து மணலில் கீறினாய்.
"நாலு கதிரை எண்டு வை.
ஒண்டில நீ இருந்தா மிச்சம் மூண்டு.
அது நிரம்பினாப் பிறகு நான் வாசலில நிப்பன்.
விளங்குதா, ஆரணி?
நீ என்னட்ட வரேல்ல.
என்ர இடத்துக்கு வாறாய்."

அலை அவ்வளவு தூரம் வரவில்லை.
கோடுகளை நாமேதான் காலால் அழித்தோம்.

ஒரே வாழிடம், ஒரே உணவு, இரண்டு உயிர்கள்:
உயிரியல் புத்தகம் இதைப் போட்டி என்றது.
மூன்று மதிப்பெண் வினா.
இருவரும் முழுப்புள்ளி வாங்கியிருந்தோம்.

இரவு. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள்.
நீயும் இல்லை, அம்மாவும் இல்லை என்றால்
எதை முதலில் எழுதுவேன் என்று
முதல் தடவையாக என்னைக் கேட்டேன்.
வெட்கமாக இருந்தது,
இவ்வளவு பிந்திக் கேட்டதற்கு.

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா.
பேராதனைப் பூந்தோட்ட வாசலில்
வகுப்பே ஐஸ்கிறீம் வாங்க முண்டியடிக்க,
வீதிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி
வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.
ஒரு செருப்பு அறுந்துவிட்டது.
அதைக் கழற்றிக் கையில் எடுத்து
ஓடிக்கொண்டே இருந்தாள்.
பஸ் நின்றதா என்று ஞாபகமில்லை.
யாரிடமும் சொன்னதில்லை இதை,
உன்னிடமும்.

பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்க நீ எடுத்தாய்.
"என்ன போட்டனீ?"
"பேராதனை."
தொலைபேசிக்குள் உன் வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது.
கொழும்பு இல்லையா என்று நீ கேட்கவில்லை.
மட்டக்களப்பு இல்லையா என்றும் கேட்கவில்லை.
"அஞ்சு மணித்தியாலம்" என்றாய்,
அப்பாவின் குரலில்.

நீ என்ன போட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் பின்னால், உண்மையான அப்பா,
தூங்காமல் படுத்திருந்தவர், சொன்னார்:
"ஹபரணையில இருபது நிமிஷம் நிப்பாட்டுவம், பிள்ளை.
எந்தப் பக்கத்து பஸ் எண்டாலும்
அங்கதான் தேத்தண்ணி."