12.05 பு.

உட்துறைமுக வீதியில் இரண்டாம் மாடி.
பிறப்புப் பதிவேட்டின் பக்கங்களைப் பார்த்து
யாரோ தட்டச்சு செய்த எழுத்துச் சரங்கள்
பதினோராயிரம்.
அவற்றைக் காலமாக்குவது என் வேலை.
‘காலமாக்குறதோ, பிறப்புப் பதிவிலயோ’ என்று
பக்கத்து மேசை சுபாங்கன் சிரிக்கிறான்.

எழுத்துக்கு நேரம் தெரியாது.
03/04/05ஐயும் வாழைப்பழத்தையும்
கணினி ஒரே கண்ணால்தான் பார்க்கும்.
முதலில் நாள், பிறகு மாதம், பிறகு ஆண்டு என்று
ஒரு வார்ப்பு எழுதிக் கொடுத்தேன்.
ஏழாயிரம் அதற்குள் விழுந்தன.
மற்றவை முரண்டு பிடித்தன.
ஏப்ரலுக்கு ற போட்டவர்,
சித்திரை என்றே எழுதியவர்,
யூன் மாதத்துக்கு முப்பத்தோராம் நாள் கொடுத்தவர்.
ஒருவர் திகதிக் கட்டத்தில்
‘தோணி வராத அன்று’ என்று எழுதியிருந்தார்.
சிவப்பாகவே கிடந்தது அது.

வெளியே மான்கள்
மரக்கறிக்கடை வாசலில் கோவா இலை மேய்கிற நேரம்
இந்த இரண்டு வரியும் வந்தன:
15.04.2006 12.20
15.04.2006 12.05 பு.

பு?
மை சிந்தியதை எழுத்தென்று நினைத்திருப்பார்கள்.
வெட்டச் சொன்னேன்; வெட்டியது.
வரி பச்சையானது.
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மூன்று மாதம் கழித்து யதுர்சா வந்தாள்,
கையில் புதுப் பத்திரம் இரண்டு.
‘இதில அவன் எனக்கு அண்ணனாம்.
பத்தொன்பது வருசமா
அக்கா எண்டு கூப்பிட்டவன்
நேற்றில இருந்து
தங்கச்சி தண்ணி கொண்டா எண்டுறான்.’

பழைய செய்தி தேடினேன்.
அந்த இரவு பன்னிரண்டரைக்கு
நாடு தன் மணிக்கூட்டை
அரைமணி பின்னால் தள்ளியிருக்கிறது.
பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை
இரண்டு தரம் நடந்தது.
முதல் தரத்தில் இவள்,
கால்மணி கழித்து,
இரண்டாம் தரத்தில் அவன்.

பு. என்றால் புது நேரம்.
தொப்புள்கொடி வெட்டிய கையோடு
வார்ட்டில் ஒரு தாதி,
பின்னால் ஒருநாள் ஒரு மடைச்சி வருவாள் என்று
ஓர் எழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

யதுர்சாவின் தாய்
அதுவரை கதிரை நுனியில் இருந்தார்.
‘நாங்கள் அக்கரை, பிள்ளை, சம்பூர்ப் பக்கம்.
அங்க ஒருத்தரும் மணிக்கூட்டை மாத்தினதே இல்லை.
இவர் கட்டியிருந்ததில
இவள் பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்க,
வருசப்பிறப்பு அண்டைக்கு.
அவன் பன்னிரண்டு அஞ்சுக்கு, மற்ற நாள்.
ரெண்டு கேக்கோ வெட்டுறது எண்டு
இவர் பகிடியாக் கேட்டவர்.’
அதற்கு மேல் அவரைப் பற்றி அவர் பேசவில்லை.

முதல் வரிக்கு ஆறு மணி முன்னே,
அடுத்ததற்கு ஐந்தரை மணி முன்னே என்று
விலகலை எழுதி மறுபடி ஓட்டினேன்.
கிரீன்விச்சில் அது மாலை:
ஆறு இருபது, ஆறு முப்பத்தைந்து.
வெயில்கூட இருந்திருக்கும்.
அக்கா மேலே வந்தாள்.
திரையைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள்.
இரண்டு நீலச் சரி விழுந்தது,
பதில் வரவில்லை.

சுபாங்கன் அப்போதுதான் அந்தச் சிவப்பு வரியை
தாய்க்கு வாசித்துக் காட்டினான்.
‘அம்மா, உங்கட பக்கப் பதிவு போல.
தோணி வராத அன்று எண்டா எந்த நாள்?’

அவர் யோசித்தார்.
விரல் மடக்கினார், ஒரு கை முடிந்து
மறு கைக்குப் போனார்.
‘எந்த வருசம் தம்பி?’
என்று கேட்டார்.