ஊசி நின்ற இடம்

பதினேழு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவன் நான்.
ஆம்பூர்த் தோல் ஷாப்பில்
என் மூக்கு எந்தத் தேதியில் செத்தது என்று
எனக்கே தெரியாது.
பிரியாணி தேக்சாவைத் திறக்கும்போது
எனக்கு ஆவி மட்டும். வாசம் பக்கத்து ஆளுக்கு.

இப்படிப்பட்டவன்
மூக்குக்காக நாய் வளர்க்கிறேன் என்றால்
சிரிக்காமல் என்ன செய்வார்கள்?
"இன்னா சௌரி, கண்ணு இல்லாதவன்
கண்ணாடிக் கடை வெச்ச மாதிரி கீது"
என்றான் இம்தியாஸ். என்றாலும்
ஒரு குட்டிக்கு முன்பணம் தந்திருந்தான்.

மூன்று ஈற்று. நோட்டில் இருக்கிறது.
முதல் ஈற்றில் ஐந்து. ஐந்தும் குரைத்தன.
அடுத்ததில் ஒன்று நின்றது,
தீபாவளித் துப்பாக்கியில் ரோல் கேப் வெடித்ததும்
கட்டிலடிக்குப் போனது
பொங்கலுக்குத்தான் வெளியே வந்தது.
மூன்றாவதில் ஊசி.
அப்பன் ராணிப்பேட்டைப் பாயிண்டர், சர்டிபிகேட் உள்ளவன்.
ஆத்தா எங்கள் லைனில் திரிந்தவள்.
நாற்பதாம் நாள்
நூலில் ஆடிய கோழி இறகைப் பார்த்து
முன்காலொன்றை மடக்கி நின்றாள்.
சோற்றுக் கையோடு கதவில் ஜெசிந்தாவும் நின்றுவிட்டாள்.

மாதனூர் பக்கம் பாலாறு, பங்குனி ஞாயிறு.
தண்ணீர் இல்லாததால் ஆறு முழுக்க மைதானம்.
சுடுவது கிடையாது, பிடிப்பது கிடையாது.
பறவை எழ வேண்டும். நாய் அசையக் கூடாது.
அவ்வளவுதான் போட்டி.

மேற்கிலிருந்து காற்று.
அதில் என்ன வந்தது என்பதை
மற்றவர்கள் துண்டால் மூக்கை மூடியபோது
தெரிந்துகொண்டேன்.
அந்தக் காற்றுக்குள்
ஒரு பறவை அளவு வாசத்தைத் தேடி
தறிநாடா மாதிரி
அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஓடினாள் ஊசி.

ஒரு கருவேலந்தூரின் முன்னால்
நின்றாள்.
வால் கம்பியானது. கால் மடங்கியது.
எச்சில் ஒரு இழை தொங்கியது, அறாமல்.

கேப் வெடித்தேன். ஒன்றும் எழவில்லை.
இன்னொன்று. இல்லை.
ஓசூரிலிருந்து வந்த நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"சும்மா நிக்குது. புதரை ஒரு உதை விடுங்க, பார்ப்போம்."

குனிந்தேன்.
சருகுக்குள் சருகு நிறத்தில்
ஒரு கண்.
கௌதாரி. வயிற்றடியில்
பாலேட்டு நிறத்தில் ஏதோ ஓரம் தெரிந்தது.
ஒரு முழம் தள்ளி ஊசியின் மூக்கு.
இரண்டு பேரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

காலைத் தூக்கினால் போதும்.
பன்னிரண்டாயிரம் ரூபாய், ஒரு கோப்பை.
மின்கம்பியில் காக்கைகள்
முன்வரிசைப் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தன.

"ஒன்னும் இல்ல சார்" என்றேன்.

அட்டையில்
பெரிதாக ஒரு முட்டை போட்டார்.

ஊசி வரமாட்டேன் என்றாள்.
பதினெட்டுக் கிலோவையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்,
ஒரு கால் இன்னும் மடங்கியபடி.
அவள் கழுத்தில் முகம் வைத்து
இழுத்துப் பார்த்தேன்.
சூடு மட்டும்.

இருட்டுவதற்குள்
முன்பணத்தைத் திருப்பி வாங்கிப்போனான் இம்தியாஸ்.
நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.
"ஜெயிச்சுதா?" என்றாள் ஜெசிந்தா.
"நின்னுச்சு" என்றேன்.