எட்டு மீட்டர்

பெட்டி காசிமேட்டில் வாங்கியது.
தெர்மாகோல். வஞ்சிரம் படுத்திருந்த பெட்டி.
மூன்று தடவை சோடா உப்புப் போட்டுக் கழுவியும்
மூடியைத் திறந்தால் மீன்தான் முதலில் பேசும்.
விடு என்றான் இம்தியாஸ்,
மேலே மைனஸ் அறுபது, நாற்றமும் விறைத்துப்போகும்.

உள்ளே ஜிபிஎஸ், தீப்பெட்டியளவு ரேடியோ,
என் பழைய கம்பளிச் சாக்ஸில் சுற்றிய பேட்டரி.
வெளியே எட்டுப் பசைப் பட்டைகள்:
ஆயிரம் மீட்டருக்கு ஒன்றாகத் திறந்து மூட
ஒரு பொம்மைக் கார் மோட்டார்.
எங்கள் மொட்டைமாடியில் தினமும் சாம்பல் பெருக்குகிறேன்.
அது மேலே எங்கே முடிகிறதென்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி மாதம், ஐந்தே முக்கால், எர்ணாவூர் மைதானம்.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்: எத்தனை கிராம்?
தொள்ளாயிரத்து நாற்பது சார்.
ஆறே காலுக்குள்ள விட்ருங்க.
ஹீலியம் சிலிண்டரை வாடகைக்குத் தந்த
கல்யாண மண்டபத்து பலூன்காரர்
எங்களை நம்பாமல் கூடவே வந்திருந்தார்.
அது வயிறு உப்பி எழுந்தபோது
"இன்னாம்மா இது, யானைக்குட்டியாட்டம்" என்றார்.
ஸ்டான்லியில் நைட் டூட்டி முடித்து
அதே கையுறைகளோடு வந்த பியூலா
அதன் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

விட்டாள்.

கடலுக்குப் போனது.
கிழக்கே, இன்னும் கிழக்கே, விசைப்படகுகளைத் தாண்டி.
மூவாயிரம். ஐயாயிரம்.
இம்தியாஸ் திரையை விட்டுத் தலை தூக்கவில்லை.
"போச்சா?" என்றார் பலூன்காரர்.
ஆடியில் மேலே கீழைக்காற்று ஓடும்,
திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று
கணக்குப் போட்டவள் நான்.
நோட்டில் சரியாக வந்த கணக்கு
கடற்கரையில் நின்றால் வயிற்றைப் பிசைகிறது.

ஒன்பதாயிரத்து இருநூறில் கொஞ்சம் தயங்கியது.
பிறகு மேற்கே.
பதினாறு கிலோமீட்டர் உயரத்தில்
எங்கள் தலைக்கு நேர் மேலே கடந்தபோது
நாலு பேரும் அண்ணாந்தோம்.
புகைக்கூண்டுக் கம்பியில் ஒரு காக்கா இருந்தது.

இருபத்தேழாயிரத்து நானூற்றுப் பத்தில் வெடித்தது.
சத்தம் யாருக்குக் கேட்டிருக்கும்.
எண்கள் குறைய ஆரம்பித்தன.

ஏரியில் விழும், உப்பளத்தில் விழும், யார் ஓட்டிலாவது விழும்
என்று பயந்திருந்தோம். மணலி விரைவுச் சாலை காட்டியது.
பைக்கில் ஓடினோம்.
இஞ்சு டேப்பை வெட்டி பிவிசி குழாயில் பூட்டிய என் ஏரியல்
மீன்முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்தது.
"சிக்னல் நகருது" என்றான் இம்தியாஸ்.
யாரோ எடுத்துப் போகிறார்களா?
எட்டு மீட்டர்.
நின்றுவிட்டது.
இருபது நிமிடம் கழித்து இன்னொரு எட்டு மீட்டர்.
பியூலாதான் முதலில் சிரித்தாள்:
டேய், அது கன்டெய்னர் லைன்ல நிக்குதுடா.

துறைமுகம் வரைக்கும் லாரி.
ஒவ்வொன்றாய் ஏரியலைக் காட்டிக்கொண்டே நடந்தேன்,
பூச்சி மருந்து அடிப்பவள்போல.
பீப் தடித்த இடத்தில், ட்ரெய்லரின் நிழலில்
சங்ககிரி அர்த்தனாரி தக்காளிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.
"மேலயா? ராத்திரியிலிருந்து நிக்கறேன், ஒருத்தரும் ஏறலீங்களே."
வானத்திலிருந்து வந்தது அண்ணே.
"எவ்ளோ உசரம்?"
இருபத்தேழு கிலோமீட்டர்.
"போயிட்டு வர எவ்ளோ நேரமாச்சு?"
ரெண்டேகால் மணி.
கரண்டியை வைத்துவிட்டு
முன்னால் நிற்கும் லாரிகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அவரே ஏறி எடுத்துக் கொடுத்தார்.
ஆரஞ்சுப் பாராசூட், அறுந்த ரப்பர், பெட்டி.
மூடியைத் திறந்ததும் "மீனுங்களா?" என்றார்.
மூன்று பட்டைகள் சாம்பல் நிறம்.
நாலாவதில் மோட்டார் எதனாலோ சிக்கி, மூடவேயில்லை.
மேலே போனது, கீழே வந்தது, இந்தச் சாலையில் கிடந்தது,
எல்லாம் அந்த ஒரு பட்டையில் ஒட்டியிருந்தது.
மற்ற நாலும் திறக்காத வெள்ளை.

ஹாரன். வரிசை அசைந்தது.
அர்த்தனாரி பாய்ந்து ஏறி வண்டியை எடுத்தார்.
நான் அடுப்பைத் தூக்கினேன்.
பாராசூட் துணியைச் சுருட்டிப் பிடித்து
குழம்பு தளும்பாமல் பியூலா நடந்தாள்,
எட்டு மீட்டர்.