முந்நூற்று நாற்பது

மகளின் நாலாம் ஆண்டுக் கணக்குக் கொப்பியில்
பின்பக்கம் பதினாறு தாள் எழுதாமல் கிடந்தது.
அதில்தான் என் வரவு செலவு.
சதுரக் கோடு போட்ட தாள்.
ஒரு சதுரத்துக்கு ஓர் எண் என்று டீச்சர் சொன்னாவாம்.
அரிசிக்கு நாலு சதுரம் போகிறது.

பத்தாந் திகதி சம்பளத் துண்டு வரும்.
அது என் கைக்கு வருமுன்பே
ஆபீசில் யாரோ எனக்கொரு பட்ஜெட் போட்டிருப்பார்கள்:
சந்தா, கோயில், சேமலாபம்,
தீபாவளிக்கு வாங்கித் தின்று முடித்த முற்பணம்.
அந்தக் கழித்தலில் நான் ஒருநாளும் பிழை கண்டதில்லை.

போன மாதம் பதினேழு பேர். அரைப் பேர் ஆறு.
கிலோ குறைந்தால் பேரைப் பாதியாய் வெட்டுவார்கள் இங்கே.
யோகமலர் என்று முழுசாய்க் கூப்பிட்டுத்தான்
கொழுந்தை நிறுக்கிறார்கள்.
எழுதும்போது யோகம் போய்விடுகிறது.
மழைக்கு அரைப் பேர்,
பிள்ளைகளின் பசிக்கு எப்போதும் முழுப் பேர்.

என் முறை லேசு.
முதலில் மா. பிறகு அரிசி, கரண்ட், ரியூசன், சீட்டு.
அவருக்கு நாளுக்கு இவ்வளவென்று
கேட்குமுன்பே கொடுத்துவிடுவேன்.
கேட்கவிட்டால் கூடிவிடும்.
கடைசி வரி 'இதர'.
அந்த வரிக்குள்தான் நாங்கள் வாழ்கிறோம்:
பிடுங்கிய ஒரு பல்,
அட்டைக்குப் பூசும் சவர்க்காரம்,
மஸ்கெலியாவுக்கு இரண்டு தரம் பஸ்,
மிஞ்சினால் என் பிரஷர் மாத்திரை.

என் மாதம் முடிவது ஒன்பதாந் திகதி இரவு.
கூட்டினேன். திரும்பக் கீழிருந்து மேலே கூட்டினேன்.
முந்நூற்று நாற்பது
மிச்சம்.

பயந்துபோனேன்.
குறைந்தால் எங்கே போய்க் கேட்பதென்று தெரியும்.
மிஞ்சினால் யாரைக் கேட்பது?
"இருந்தால் நல்லதுதானே, ஒரு கால் போத்..." என்றார் அவர்.
சொல்லி முடிக்க விடவில்லை.

விடிந்ததும் மலை ஏறுமுன் நவ்பர் கடைக்கு ஓடினேன்.
"என் தேங்காய் ஏதும் எழுத விட்டுப்போச்சா, நானா?"
நீளக் கொப்பியை விரலால் தடவிப் பார்த்தார்.
"கணக்குச் சரி, தங்கச்சி.
மாதான் இந்த மாசம் குறைய எடுத்திருக்கிறீங்க."

மா குறைய.

கொழுந்துக் கூடையோடு மூன்றாம் வளைவு ஏறும்போது
அது நினைவுக்கு வந்தது.
மேல் லயத்துச் சடையப்பன் செத்த கிழமை.
மூன்று நாள் எங்கள் காம்பராவில் அடுப்பு எரியவில்லை.
சாவு வீட்டுத் தறப்பாளுக்குக் கீழேதான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்,
சோறு, பருப்பு, கத்தரிக்காய்.
சின்னவன் இரண்டாந்தரம் தட்டை நீட்டினான்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.
மரணச் சங்கத்துக்குக் கொடுத்த முந்நூறு
கொப்பியில் இருக்கிறது.
சாப்பிட்டது இல்லை.
அதற்கு என்னிடம் வரி இருக்கவில்லை.

முப்பத்தொரு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிசன்.
நெருப்புப் பெட்டி இரவல் கேட்டு வருவார்,
வாசலிலேயே நின்று
இரண்டு குச்சி எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தருவார்.
கை நடுங்கத் தொடங்கிய பிறகு
செக்ரோலில் அவருக்கு அரை அரையாய்த்தான் விழுந்தது.

மாத்திரை வாங்க வேண்டிய காசுதான்.
வாங்குவேன், இல்லை, தெரியவில்லை.
இரவு புதுப்பக்கம் திருப்பி
'இதர'வுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தேன்.
மிச்சம் என்று எழுதக் கை வரவில்லை.
ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்தாய்
ச டை ய ப் ப ன்
என்று ஆறு சதுரம் எழுதினேன்.
முழுப் பேர்.
எதிரே 340.

தகரத்தில் மழை பிடித்துவிட்டது.
நாளைக்கு எனக்கு அரைதான்.